வாங்காத கடனைக் கட்டிவிடலாமா?

கேள்வி: மேடம், நான் பள்ளி ஆசிரியை, வயது 39. போன மாதம் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தோம். என் பெயரில் ஏற்கெனவே மூன்று கணக்குகள் நிலுவையில் இருப்பதாகச் சொல்லி வங்கி மறுத்துவிட்டது. இரண்டு ஆப் கடன், ஒரு கிரெடிட் கார்டு. நான் என் வாழ்நாளில் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. இப்போது வசூல்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கே போன் செய்கிறார்கள். மூன்றில் சின்னக் கடன் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. "அதைக் கட்டித் தொலைத்துவிடு, நிம்மதியாவது மிஞ்சும்" என்கிறார் என் கணவர். கட்டிவிடலாமா? இதில் மொத்தம் எவ்வளவு நஷ்டம் வரும்? அடையாள அட்டை ஜெராக்ஸைக் கேட்ட இடத்திலெல்லாம் கொடுத்தது நான்தான். என் முட்டாள்தனம்தான் காரணம் என்று நினைத்து நினைத்துத் தூக்கமே இல்லை.

பதில்:

டீச்சர், முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணமெல்லாம் அப்புறம். கட்டாதீர்கள். பெரிய கடனை மட்டுமல்ல, அந்தச் சின்னக் கடனையும், அதில் ஒரு தவணையையும்கூட, "இப்போதைக்கு ஏதாவது போடுங்க மேடம், மீதியைப் பேசிக்கலாம்" என்று அவர்கள் எவ்வளவு இதமாகக் கேட்டாலும் கட்டாதீர்கள். உங்கள் கணவர் மேல் கோபப்பட வேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் இதே பேச்சுதான் நடந்திருக்கும். போன் நிற்க வேண்டும், வேலை செய்யும் இடத்தில் மானம் போகக் கூடாது, அவ்வளவுதான் அந்த நேரத்தில் எல்லோருக்கும் தோன்றும்.

ஆனால் பணம் கட்டினால் போன் நிற்காது. கடன் கொடுத்த நிறுவனத்தின் ஏட்டில் நீங்கள் கட்டிய பணம் ஒரு வரவாகப் பதிவாகும், அந்த வரவுக்கு ஒரே பொருள்தான்: இந்தக் கடன் என்னுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். பல நாடுகளின் சட்டத்தில் பழைய கடனை வசூலிக்க ஒரு காலவரம்பு உண்டு. அதில் ஒரு பகுதியைக் கட்டினால்கூட அந்தக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும். சரி, அதை விடுங்கள், முழுசாகவே கட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் கடன் அறிக்கையில், அதாவது உங்கள் பெயரிலுள்ள கடன்களையும் அவை கட்டப்பட்ட விதத்தையும் காட்டும் பதிவில், அந்தக் கணக்கு அழியாது. "தாமதமாகக் கட்டி முடிக்கப்பட்டது" என்று உங்கள் பெயரிலேயே நிற்கும், வீட்டுக்கடன் அதிகாரி அதைத்தான் பார்ப்பார். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மூன்று கணக்கையும் திறந்தது ஒரே ஆளாக இருந்தால், ஒன்றை உங்களுடையது என்று ஏற்றுக்கொண்ட பிறகு மற்ற இரண்டும் மோசடி என்று நீங்கள் சொல்வதை யார் நம்புவார்கள்?

இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன்னால் கடன் நிறுவனம் ஒன்றில் மோசடிப் புகார்களைப் பார்க்கும் மேசையில் பல வருடம் இருந்தேன். அங்கே ஒரு பெரியவர் வந்தார், ஓய்வு பெற்றவர், கையில் துணிப்பை. அவர் பெயரில் இரண்டு கடன். சின்னதை மகன் சொல்படி ஏற்கெனவே கட்டிவிட்டார். பெரியதற்குப் புகார் கொடுக்கத்தான் எங்களிடம் வந்தார். விண்ணப்பக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். பெயர் சரி, பிறந்த தேதி சரி, அடையாள எண்ணில் ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. ஆனால் முகவரி அவர் வாழ்நாளில் மிதித்தே பார்க்காத ஊர், கைபேசி எண் வேறு, புகைப்படத்தில் இருந்தவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் விரலால் கிறுக்கிய ஒரு கோடு. பார்த்தவுடனே தெரிந்தது, மோசடிதான். அப்படியிருந்தும் எங்கள் சட்டப் பிரிவு மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி ஒன்றுதான்: மோசடி என்றால் அந்தச் சின்னக் கடனை ஏன் கட்டினார்? கடைசியில் அவர் பெயர் சுத்தமாயிற்று, ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு கேள்விக்காகப் போன ஒரு வருடம் அது. அன்றிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "ஏதாவது கட்டினீர்களா?" என்றுதான். நீங்கள் இன்னும் கட்டவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்த விஷயம் அது.

அடுத்து, மொத்தம் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டீர்கள். இதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்வது கஷ்டம், ஏனென்றால் அடையாளத் திருட்டு என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேறு வியாதிகள் இருக்கின்றன. ஒன்று, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கார்டிலோ வங்கிக் கணக்கிலோ வேறொருவன் கைவைப்பது. இன்னொன்று, உங்கள் பெயரைச் சொல்லிப் புதிதாக ஒரு கணக்கைத் திறப்பது. முதலாவது உடனே கண்ணில் படும், குறுஞ்செய்தி வரும், வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கலாம், பெரும்பாலும் பணமும் திரும்பி வரும். இரண்டாவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பில் எல்லாம் வேறு முகவரிக்கும் வேறு எண்ணுக்கும் போய்க்கொண்டிருக்கும். நீங்களே ஒரு கடன் கேட்டுப் போகும் நாளில்தான் வெளியே வரும். உங்களுக்கு நடந்திருப்பது இரண்டாவது.

இதை ஒழுங்காகக் கணக்கெடுத்து வைத்திருக்கும் நாடுகள் குறைவு. அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களிடமே நேரடியாகக் கேட்டுக் கணக்கெடுக்கிறது. 2021 கணக்குப்படி, அதற்கு முந்தைய 12 மாதத்தில் மட்டும் அந்த நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 2 கோடியே 39 லட்சம் பேர் ஏதோ ஒரு வகையில் அடையாளத் திருட்டுக்கு ஆளாகியிருக்கிறார்கள். நூற்றுக்கு ஒன்பது பேர். மொத்த இழப்பு 1,640 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 700 டாலருக்குக் கொஞ்சம் குறைவாக வரும், ஆனால் இந்தச் சராசரியை வைத்து உங்கள் நஷ்டத்தை அளக்கவே முடியாது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதல் வகை. அதே பிரிவின் 2014 கணக்கில், 86 சதவீதம் பேருக்கு நடந்தது இருக்கிற கணக்கில் கைவைத்த சம்பவம்தான். சொந்தக் கையிலிருந்து பணம் போனதாகச் சொன்னவர்கள் 14 சதவீதம் பேர் மட்டுமே, அவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் போனது 100 டாலருக்குள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் பிரச்சினையை முடித்துவிட்டார்கள். ஆனால் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு ஒரு மாதத்துக்கும் மேல் இழுத்திருக்கிறது.

நீங்கள் அந்த ஒன்பதில்தான் வருவீர்கள், மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. புதுக் கணக்கு திறக்கப்பட்டவர்களுக்குத்தான் பணச் சிக்கலும் சட்டச் சிக்கலும் மன உளைச்சலும் அதிகம் என்று அதே கணக்கெடுப்பும் சொல்கிறது, என் மேசைக்கு வந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

அப்படியானால் நஷ்டம் யாருக்கு? 2003-இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் எடுத்த கணக்கை நான் அடிக்கடி சொல்வேன், பழையதுதான், ஆனாலும் இது எப்படி வேலை செய்கிறது என்று அதில் தெளிவாகத் தெரியும். ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். வங்கிகளும் வியாபார நிறுவனங்களும் இழந்தது ஏறக்குறைய 4,800 கோடி டாலர், மக்கள் கையிலிருந்து போனது 500 கோடி டாலர். அதாவது ஏமாற்றுக்காரன் கொண்டுபோன பணத்தில் பெரும்பகுதி உங்களுடையதே அல்ல, கடன் கொடுத்தவருடையது. டீச்சர், இதை உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள். அந்த மூன்று கணக்கிலும் திருடு போனது அந்த நிறுவனங்களின் பணம். யார் என்று சரியாகப் பார்க்காமல் கொடுத்தது அவர்கள். இப்போது போன் போட்டு அந்த நஷ்டத்தை உங்கள் தலையில் இறக்கிவைக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் கட்டினால்தான் அது உங்கள் நஷ்டமாகும்.

உங்களுக்கு நிஜமாகப் போகப்போவது வேறு. அலைச்சல். விடுப்பு எடுத்து ஒவ்வொரு அலுவலகமாகப் போவது, ஒரே கதையைப் பத்துப் பேரிடம் முதலிலிருந்து சொல்வது, வீட்டுக்கடன் தள்ளிப்போவது, தள்ளிப்போன நேரத்தில் வட்டி ஏறினால் அந்த வித்தியாசம். இதற்கு யாரும் ரசீது தருவதில்லை, அதனால்தான் எந்தக் கணக்கிலும் இது சரியாக வருவதும் இல்லை.

சரி, இனி என்ன செய்வது. ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இந்தச் சண்டையில் ஜெயித்தவர்கள் எல்லோர் கையிலும் ஒரு நோட்டு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தேதி, நேரம், யார் பேசினார்கள், எந்த எண்ணிலிருந்து, என்ன சொன்னார்கள், புகார் எண் என்ன. ஒவ்வொரு போனுக்கும் ஒரு வரி. மூன்று மாதம் கழித்து "நீங்கள் எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்று யாராவது கேட்கும்போது, எந்தத் தேதியில் யாரிடம் சொன்னேன் என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினால் பேச்சே மாறிவிடும்.

இந்தக் கடன் அறிக்கைகளைத் தயாரித்து வங்கிகளுக்குத் தருபவை கடன் தகவல் நிறுவனங்கள். உங்கள் வங்கி அப்படி ஒரு நிறுவனத்தின் அறிக்கையை மட்டும் பார்த்திருக்கலாம். பெரும்பாலான நாடுகளில் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் உங்கள் முழு அறிக்கையை வாங்குங்கள், ஏனென்றால் ஒன்றில் தெரியும் கணக்கு இன்னொன்றில் இல்லாமல் இருக்கலாம். மூன்று என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், நான்காவது ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும். அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் உங்கள் அறிக்கையை யார் யார் எந்தத் தேதியில் கேட்டார்கள் என்று ஒரு பட்டியல் வரும். எல்லோரும் கடன் பட்டியலைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள், எனக்கு அதைவிட இந்தக் கடைசிப் பக்கம் முக்கியம். உங்களுக்குத் தெரியாத ஒரு நிறுவனம் போன வாரம் அறிக்கையைக் கேட்டிருக்கிறது என்றால் அந்தத் திருடன் இன்னும் நிறுத்தவில்லை என்று பொருள். அங்கே உடனே பேசி அந்த விண்ணப்பத்தை நிறுத்தலாம். அதோடு, புதிதாக யார் உங்கள் பெயரில் கடன் கேட்டாலும் உங்களிடம் கேட்காமல் கொடுக்காதபடி எச்சரிக்கைக் குறிப்பு போடவோ அறிக்கையையே பூட்டி வைக்கவோ வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2018 செப்டம்பரிலிருந்து இந்தப் பூட்டு எல்லோருக்கும் இலவசம். எல்லா நாட்டிலும் இந்த வசதி இதே மாதிரி இருக்காது, ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

அப்புறம் போலீஸ் புகார். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. நான் மேலே சொன்ன 2014 கணக்கில் போலீசுக்குப் போனவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். அவனைப் பிடித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் நான் இதைச் சொல்லவில்லை, பெரும்பாலும் பிடிபடுவதில்லை. ஆனால் புகாரின் நகல் இல்லாமல் கடன் நிறுவனம் உங்கள் கடிதத்தைத் தொடவே யோசிக்கும். புகாரில் "என் பெயரில் யாரோ கடன் வாங்கிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள், மூன்று கணக்கின் எண், நிறுவனம், திறந்த தேதி, தொகை எல்லாம் தனித்தனியாக வரட்டும். நாளைக்கு ஒரு நிறுவனம் "எங்கள் கணக்கு புகாரில் இல்லையே" என்று சொல்ல இடம் கொடுக்க வேண்டாம்.

புகார் நகல் கைக்கு வந்ததும் மூன்று நிறுவனத்துக்கும் தனித்தனிக் கடிதம். நீளமாக அழுது எழுத வேண்டாம். இந்தக் கணக்கை நான் திறக்கவில்லை, இது ஆள்மாறாட்டம், விண்ணப்பத்தின் முழு நகலைத் தாருங்கள், விசாரணை முடியும்வரை வசூலை நிறுத்துங்கள், கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்து இந்தப் பதிவை நீக்கச் சொல்லுங்கள். இவ்வளவு போதும். விண்ணப்ப நகலைக் கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடன் கொடுத்தேன் என்று சொல்பவர்தான் யாருக்குக் கொடுத்தேன் என்று காட்ட வேண்டும் என்பது பொதுவான நியதி. அந்தப் பெரியவர் விஷயத்தில் பார்த்தீர்களே, அவரைக் காப்பாற்றியது கோப்பில் ஒட்டியிருந்த அந்தப் புகைப்படம்தான். உங்கள் விண்ணப்பங்களில் இருக்கும் படம், கைபேசி எண், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு, இந்த மூன்றும் உங்களுடையதல்ல என்றாலே பாதி வழக்கு முடிந்தது. தபாலில் அனுப்பினால் ஒப்புகை வரும்படி அனுப்புங்கள், மின்னஞ்சல் என்றால் பதில் எண் வரும்வரை விடாதீர்கள். கடன் தகவல் நிறுவனங்களுக்கும் இதே ஆவணங்களோடு மறுப்பு அனுப்புங்கள். அமெரிக்கச் சட்டத்தில் இப்படிப்பட்ட மறுப்பைப் பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்தாக வேண்டும், மற்ற நாடுகளிலும் பெரும்பாலும் ஏதோ ஒரு கெடு இருக்கிறது. உங்கள் நாட்டில் எத்தனை நாள் என்று பார்த்து, அந்தத் தேதியை நோட்டில் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

பள்ளிக்கு வரும் போன்களுக்கு வருவோம். தலைமையாசிரியரிடம் நீங்களே போய், புகார் நகலைக் காட்டி, நடந்ததைச் சொல்லிவிடுங்கள். வசூல்காரன் வாயால் அவர் கேட்பதற்கு முன்னால் உங்கள் வாயால் கேட்கட்டும். இதைச் செய்யத்தான் பலருக்கும் கால் வராது, ஆனால் செய்த அன்று ராத்திரி தூங்கியதாகச் சொல்வார்கள். வசூல்காரரிடம் வாக்குவாதம் வேண்டாம். "இது மோசடிக் கணக்கு, புகார் எண் இது, எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளுங்கள்," அவ்வளவுதான், போனை வைத்துவிடுங்கள். "சரிபார்ப்பதற்காக" என்று சொல்லி பிறந்த தேதியோ, அடையாள எண்ணோ, ஓ.டி.பி.யோ கேட்டால் எதையும் சொல்லாதீர்கள். கூப்பிடுவது நிஜமான வசூல்காரரா அல்லது அதே திருடனா என்று போனில் உங்களுக்குத் தெரியாது.

கடைசியாக, உங்களைத் தூங்கவிடாத விஷயம். ஜெராக்ஸ் கொடுத்ததால்தான் நடந்தது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? ஈக்விஃபாக்ஸ் என்ற பெரிய கடன் தகவல் நிறுவனத்திலிருந்து 2017-இல் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. பெயர், பிறந்த தேதி, முகவரி, அடையாள எண். அந்த மக்கள் யாருக்கும் எதையும் ஏமாந்து கொடுக்கவில்லை, அவர்களில் பலருக்கு அந்த நிறுவனத்தில் தங்கள் விவரம் இருப்பதே தெரியாது. திருடன் நுழைந்த ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தம் அந்த வருடம் மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது, அதைப் போடவில்லை. 2019-இல் குறைந்தது 57.5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு அந்த வழக்கைச் சமரசம் செய்தார்கள். ஒரு நிறுவனம் ஒரு திருத்தத்தைப் போடாமல் விட்டதற்குப் பதினான்கு கோடிப் பேர் தங்களையே முட்டாள் என்று திட்டிக்கொண்டால் சரியாக இருக்குமா? பள்ளி, மருத்துவமனை, வேலை, சிம் கார்டு, எதற்குப் போனாலும் அடையாள அட்டை நகலைக் கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் வேலை நடக்காது. கொடுத்ததில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. இனிமேல் கொடுக்கும்போது நகலின் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

வேண்டுமானால் ஒன்றைக் கவனியுங்கள், சொல்லவே தயக்கமாக இருக்கிறது. விண்ணப்ப நகல் வந்ததும் அதிலிருக்கும் எண்ணோ முகவரியோ உங்களுக்குத் தெரிந்த யாருடையதாவதா என்று பாருங்கள். சில சமயம் திருடன் வெளியாளாக இருப்பதில்லை. உறவினர் என்று தெரிந்தால், மனசு கேட்காமல் புகாரைத் திரும்ப வாங்கிவிடத் தோன்றும். அதைச் செய்வதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

வீட்டுக்கடனுக்காக மறுபடி புது விண்ணப்பம் போடாதீர்கள். இதே பதிவுகள் இருக்கும்வரை மறுபடி மறுக்கத்தான் போகிறார்கள். அந்த வங்கி மேலாளரை நேரில் பாருங்கள், புகார் நகலையும் மூன்று கடிதங்களின் ஒப்புகையையும் கொடுத்து, உங்கள் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள், பதிவுகள் நீங்கியதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் கணவரின் கடன் அறிக்கையையும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். உங்கள் ஜெராக்ஸ் போன இடங்களில் பாதிக்கு அவருடையதும் போயிருக்கும் இல்லையா?